கரி போட்ட கடல்

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் டெஸ்ட் எடுப்பவர். கடை முதலாளிக்குக் கண்ணாடி விற்கத் தெரியும், கண் பார்க்கத் தெரியாது. அதனால் கடையின் பின்பக்கம், கதவைச் சாத்தினால் இருட்டாகிவிடும் ஒரு சின்ன அறையை இவருக்குக் கொடுத்திருந்தார். வருகிறவர்களை உட்காரவைத்து, மூக்கின்மேல் ஒரு கனத்த சட்டத்தை மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகி, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்பது வேலை. பெரும்பாலானவர்கள் தெரியாத எழுத்தையும் குத்துமதிப்பாகச் சொல்லிவிட்டு, பாஸா பெயிலா என்பதுபோல் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் முகத்தில் எதுவும் இருக்காது. இந்தத் தொழிலுக்கு அந்த முகம்தான் முதல் என்று அவர் நம்பினார். குடியிருப்பில் அவரைக் கண்ணாடிக்காரர் என்பார்கள்.

கண்ணாடிக்காரர் வீட்டு முன்னறையில், மனைவி சோஃபா போட நினைத்திருந்த இடத்தில், ஒரு பவளத் தொட்டி இருந்தது. ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம் என்கிற நீளம். உப்புத் தண்ணீர், பாறைகள், பாறைமேல் உயிருள்ள பவளங்கள், நடுவில் மீன்கள். ஒரு பவளம் கிளை கிளையாக மான்கொம்புபோல் நிற்கும். இன்னொன்று காளான் குடைபோல் விரிந்து, தொட்டால் தோல்போல் இருக்கும். அதற்குத் தோல் பவளம் என்றே பெயர். கீழே மர அலமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி, பம்பு, குழாய்கள். மேலே நீலமும் வெள்ளையுமாக எரியும் விளக்கு.

மனைவி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். காலையும் மாலையும் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருவதால், சத்தம் போடாத எதையும் அவர் எதிர்ப்பதில்லை. தொட்டியும் அப்படித்தான் உள்ளே வந்தது.

தொட்டி விஷயத்தில் கண்ணாடிக்காரருக்கு ஒரு கொள்கை இருந்தது. தண்ணீரில் எதையும் தேவையில்லாமல் போடக்கூடாது. வளர்ப்பு மீன் கடைக்காரர் மாதாமாதம் சொல்லிப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் கார்பன் போட்டுப் பாருங்க."

கார்பன் என்றால் கரிதான். ஆனால் அடுப்புக்கரி இல்லை. மறுபடியும் சூட்டிலும் ஆவியிலும் வேகவைத்து, உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான ஓட்டைகள் விழுந்த கரி. மீன் கழிப்பது, தீனி ஊறி அழுகுவது, பவளங்கள் ஒன்றையொன்று விரட்டத் தண்ணீரில் கக்குகிற விஷம், எல்லாம் அந்த ஓட்டைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு வலைப்பையில் கட்டி, தண்ணீர் ஓடுகிற வழியில் வைத்தால் போதும்.

"கடல்ல யாருங்க கரி போடறாங்க?" என்பார் கண்ணாடிக்காரர்.

"கடல் ரொம்பப் பெருசு சார்."

"கெட்டதோட நல்லதையும் சேர்த்து உறிஞ்சிடும்னு படிச்சேன்."

கடைக்காரர் அதற்குமேல் பேசமாட்டார். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிறவரிடம் நாலாவது காலைக் காட்டி என்ன ஆகப்போகிறது.

இப்படி இருக்கையில்தான் மாமனார் வந்து சேர்ந்தார். மாமியார் போன பிறகு கொஞ்ச நாள் தனியாக இருந்து பார்த்தார். அடுப்பை அணைக்க மறந்ததில் ஒரு திரைச்சீலை எரிந்ததும் மகள் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மாமனார் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவர். ஆனால் அவரை ஊரறிந்தது அதனால் அல்ல. விடுமுறை நாளெல்லாம் கால்பந்து மைதானத்தில் விசிலோடு ஓடியவர் அவர். எல்லோருக்கும் அவர் ரெஃபரி. மகள்கூடச் சில நேரம் அப்படித்தான் சொல்வார்.

ரெஃபரி தன் நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே போட்டுக்கொண்டார். டிவியைவிட இது பரவாயில்லை, விளம்பரம் இல்லை என்றார். சில நாளிலேயே மீன்களின் ஆட்டம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

"அந்தப் பச்சை மீன் சரியில்ல மாப்பிள்ளை. கோமாளி மீனை முதுகுப் பக்கமா வந்து இடிக்குது. ரெண்டு தடவை எச்சரிச்சிட்டேன்."

"அது நீல மீன் மாமா."

"பச்சை."

கண்ணாடிக்காரர் மாமனாரின் கண்களைத் தூரத்திலிருந்தே பார்த்தார். இரண்டிலும் புரை. நன்றாக முற்றி, பழுத்து, மஞ்சளாகி, உலகத்தையே பழைய காகிதம்போல் காட்டுகிற புரை. ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னார். மாமனாருக்குக் கோபம் வந்தது. கண் தெரியவில்லையா என்று வாழ்நாளெல்லாம் ஆயிரம் பேர் மைதானத்துக்கு வெளியே நின்று கத்தியிருக்கிறார்கள். இப்போது வீட்டுக்குள்ளேயே ஒருவர்.

"எனக்கு எல்லாம் தெரியுது மாப்பிள்ளை. தெரியாததை நான் ஊதினதே கிடையாது."

பேச்சு அதோடு நின்றது. பிறகு ஒருநாள் காலை, கதவோரம் ஆணியில் தொங்கிய மகளின் மழைக்கோட்டைப் பார்த்து, "வர்றதுன்னா உள்ள வாங்க, இல்லேன்னா போங்க, வாசலை அடைச்சுக்கிட்டு நிக்காதீங்க" என்று ரெஃபரி சத்தம் போட்டார். கோட்டு நகரவில்லை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று மாலை ரெஃபரி தானாகவே, "அந்த ஆபரேஷன் ரொம்ப நேரம் ஆகுமா?" என்று கேட்டார்.

முதலில் வலது கண். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கட்டைப் பிரித்ததும், அவர் முதலில் பார்த்தது மகளை.

"உனக்கு எப்ப நரைச்சுது?"

"ரொம்ப நாளாச்சுப்பா."

"ஓ" என்றார். பிறகு வெகுநேரம் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார். சட்டை வெள்ளை என்பது அவருக்குப் புதுச் செய்தி. கடைசியில் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் நாற்காலிக்குப் போனார். சற்றுக் கழித்துக் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கண்ணைக் கையால் மூடினார். கையை மாற்றி மற்றதை மூடினார். மறுபடியும் மாற்றினார்.

"மாப்பிள்ளை, இங்க வாங்க."

கண்ணாடிக்காரர் வந்தார்.

"இந்தப் பழைய கண்ணுல பார்த்தா எல்லாமே மஞ்சள். சரியா?"

"ஆமா மாமா. புரை அப்படித்தான் காட்டும்."

"இந்தப் புதுக் கண்ணுல எல்லாம் வெள்ளையா இருக்கு. உங்க தொட்டி மட்டும் மஞ்சள்."

கண்ணாடிக்காரர் சிரித்தார். கடையில் சிரிப்பதுபோல் பாதியோடு நிறுத்திக்கொண்டார். "புதுக் கண்ணு பழகறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும் மாமா. நிறமெல்லாம் முன்னப்பின்ன தெரியும்."

"சுவரு?"

"வெள்ளை."

"எனக்கும் வெள்ளை. என் சட்டை?"

"வெள்ளை."

"எனக்கும் வெள்ளை. அந்த மீன் இன்னும் பச்சை."

"நீலம் மாமா."

ரெஃபரி பாக்கெட்டைத் தடவினார். சிவப்பு அட்டை இருந்திருந்தால் காட்டியிருப்பார்.

அடுத்த சில நாட்கள் சாப்பாட்டு மேசையில் இதுதான் பேச்சு. பஸ் ஓட்டுகிறவருக்கு யார் சரி என்பதில் அக்கறை இல்லை. பேச்சு முடிந்தால் போதும். ஒரு விடுமுறை நாள் காலையில் குளியலறையிலிருந்து இரண்டு வெள்ளை வாளிகளைக் கொண்டுவந்து முன்னறையில் வைத்தார். ஒன்றில் தொட்டித் தண்ணீர். இன்னொன்றில், தொட்டிக்கு மாற்றுவதற்காகக் கணவர் புதிதாக உப்புக் கரைத்து வைத்திருந்த தண்ணீர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜன்னல் திரையை விலக்கிவிட்டு, கணவரைக் கூப்பிட்டார்.

"இது தெளிவா, இது தெளிவா?"

கண்ணாடிக்காரர் குனிந்து பார்த்தார். ஒரு வாளியில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. இன்னொன்றில் பால் விடாத டீயில் இன்னொரு பங்கு வெந்நீர் ஊற்றியதுபோல் ஒரு நிறம். எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் பார்க்கிறவர்கள் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். குத்துமதிப்பாகச் சொல்லி ஒப்பேற்ற முடியுமா என்றுகூட யோசித்தார்.

"கொஞ்சம்" என்றார்.

"கொஞ்சமா?"

"கொஞ்சம் மஞ்சள்."

ரெஃபரி நாற்காலியில் அசையவில்லை. கொடுத்த தீர்ப்பை இன்னொரு முறை சொல்வது அவர் வழக்கமில்லை.

கண்ணாடிக்காரருக்கு மஞ்சள் அவ்வளவாக உறைக்கவில்லை. தினமும் பார்ப்பதால்தான் தெரியவில்லை என்பது உறைத்தது. தினம் ஒரு இழையாகக் கூடுகிற மறைப்பு யாருக்கும் தெரியாது என்று இருட்டறையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். இரண்டு வருடமாக விளக்கு மங்குகிறதோ என்று நினைத்து, அதன் திருகை அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியதும் நினைவுக்கு வந்தது. விளக்குக்கு ஒன்றும் இல்லை. தண்ணீர்தான் வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டிருந்தது.

அன்றே மீன் கடைக்குப் போனார். கடைக்காரர் பெரிய மனிதர். கடலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"இத்தனை நாள் போடாத தொட்டி சார். கைப்பிடி அளவு போதும். நல்லா அலசுங்க, கறுப்பு போற வரைக்கும். நாலு வாரத்துக்கு ஒருதடவை மாத்துங்க. அப்புறம் மெல்ல மெல்லக் கூட்டிக்கலாம்."

"சரி" என்றார் கண்ணாடிக்காரர். சொன்னபோது அப்படித்தான் செய்யவும் நினைத்தார். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் வேறொன்று மனசுக்குள் வேலை செய்தது. மாமனாருக்கு இடது கண் ஆபரேஷன் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணும் திறக்கும்போது தொட்டியில் குறை சொல்ல ஒரு பொட்டு மஞ்சள் இருக்கக்கூடாது. வாங்கி வந்த கரி டப்பாவைத் திறந்தார். முழுவதையும் வலைப்பைக்குள் கொட்டினார்.

அலசும் படலம் சமையலறைத் தொட்டியில் நடந்தது. முதல் தண்ணீர் மை. இரண்டாவது தண்ணீர் மை. பத்தாவது தண்ணீரும் மை என்றே சொல்லலாம். சுவர் ஓடுகள், குழாய், பாத்திரம் துடைக்கும் துணி, கண்ணாடிக்காரரின் முழங்கை, எல்லாவற்றிலும் கரித்தூள். பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த மனைவி வாசலில் நின்று பார்த்தார்.

"தண்ணியைச் சுத்தம் பண்ற பொருளா இது?"

"ஆமா."

"சரி" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை தொட்டியில் தண்ணீர் இல்லை. அதாவது, இருக்கிறது என்று நம்ப முடியவில்லை. மீன்கள் வெறும் காற்றில் தொங்கின. பாறையின் பின்பக்கத்து இடுக்குவரை தெரிந்தது. நீல மீன், கடையில் வாங்கிய அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி, கண்ணைப் பறிக்கிற நீலம். ரெஃபரி புதுக் கண்ணால் பார்த்தார்.

"நீலந்தான்" என்றார்.

வாழ்நாளில் அவர் மாற்றிக்கொண்ட முதல் தீர்ப்பு இதுவாகத்தான் இருக்கும். மேல் மாடிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கண்ணாடிக்காரர் அன்று கடைக்கு விசில் அடித்துக்கொண்டு போனார்.

சில நாள் கழித்து ரெஃபரிதான் சொன்னார். "மாப்பிள்ளை, அந்தக் கொம்புச் செடி வெளுத்த மாதிரி இருக்கு."

"செடி இல்ல மாமா, பவளம். தண்ணி தெளிஞ்சதால அப்படித் தெரியுது."

ரெஃபரி பழைய கண்ணைக் கையால் மூடிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

அதற்கு அடுத்த நாள் கடைக்கு ஒரு பெண்மணி வந்தார். புரை எடுத்துப் புதிதாக வந்தவர். கறுப்புக் கண்ணாடியைப் போடாமல், கையில் வைத்திருந்தார். கண்ணாடிக்காரர் வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல ஆரம்பித்தார்.

"இதைப் போட்டுக்கணும்மா. இவ்வளவு நாளும் ஒரு மஞ்சள் திரை வெளிச்சத்தைத் தடுத்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப திரை போயிடுச்சு. அதே வெயில்தான், ஆனா நேரா உள்ள இறங்கும். திடீர்னு அவ்வளவு வெளிச்சத்தை..."

நிறுத்திவிட்டார்.

"அவ்வளவு வெளிச்சத்தை?" என்றார் பெண்மணி.

கண்ணாடிக்காரர் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பல வருடங்களில் முதல் தடவையாக, இருட்டறையில் அவர் முகத்தில் ஏதோ தெரிந்தது. பெண்மணி பயந்துபோய்க் கறுப்புக் கண்ணாடியைத் தானாகவே எடுத்து மாட்டிக்கொண்டார். கண்ணாடிக்காரர் முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

மாலை வெளிச்சம் இன்னும் இருந்தது. தொட்டிக்கு முன்னால் முழங்காலிட்டுப் பார்த்தார். மான்கொம்பின் நுனிகள் எலும்புபோல் வெள்ளை. கீழே பாறையில் படர்ந்திருந்த இன்னொன்றும் வெளிறிக்கொண்டிருந்தது. மஞ்சள் தண்ணீருக்காக ஏற்றிவைத்த விளக்கு, இப்போது தண்ணீரே இல்லாததுபோல் அப்படியே அவற்றின் தலையில் எரிந்துகொண்டிருந்தது. திருகைப் பிடித்து அடிமட்டத்துக்கு இறக்கினார். அலமாரியைத் திறந்து, கரிப்பையை வெளியே இழுத்து, ஒரு கைப்பிடி மட்டும் மிச்சம் வைத்துவிட்டு மற்றதைக் கொட்டினார். விளக்கை இறக்கிய பிறகும் போதாது என்று தோன்றியது. சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன தேடறீங்க?" என்றார் அப்போதுதான் உள்ளே வந்த மனைவி.

"மேல போட்டு மறைக்க ஏதாவது. ஓட்டை ஓட்டையா இருக்கணும்."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கீழே போய், பஸ்ஸின் பக்கவாட்டு ஜன்னலில் வெயிலுக்குக் கட்டும் வலைத்திரையைக் கழற்றிக்கொண்டு வந்தார். இருவருமாகத் தொட்டியின் மேல் விரித்தார்கள். முன்னறை பாதி இருட்டாயிற்று.

"எல்லாம் என்னாலதான்" என்றார் கண்ணாடிக்காரர், யாரையும் பார்க்காமல். "ஆஸ்பத்திரியில உங்களை ஆபரேஷன் பண்ணி நேரா வெயில்ல நிக்கவச்சா எப்படி இருக்கும் மாமா? அதைத்தான் பண்ணியிருக்கேன். நாள் முழுக்க ஊருக்கெல்லாம் சொல்றவன் நான்."

ரெஃபரி கறுப்புக் கண்ணாடி வழியாகத் தொட்டியைப் பார்த்தார்.

"செத்துப்போச்சா?"

"தெரியல. இன்னும் உடம்பு இருக்கு. நிறந்தான் போயிருக்கு."

"அப்ப ஆட்டம் முடியல. எந்திரிங்க, முழங்கால் வலிக்கும்."

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் அந்த வீட்டில் எல்லோரும் மங்கலிலேயே இருந்தார்கள். ரெஃபரிக்கு இடது கண்ணும் ஆயிற்று. தொட்டிக்கு வலைத்திரை, அவருக்குக் கறுப்புக் கண்ணாடி, எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிக்காரர் கடைவிட்டு வந்ததும் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். முன்பெல்லாம் மாமனாருக்கும் மருமகனுக்கும் பேச்சு, "சாப்டீங்களா", "ஆச்சு" என்பதற்குமேல் போனதில்லை. இப்போதும் பெரிதாகப் போகவில்லை.

"நுனியில ஏதோ லேசா பழுப்பு தெரியுது" என்பார் ரெஃபரி.

கண்ணாடிக்காரர் குனிந்து பார்ப்பார். "எனக்குத் தெரியல மாமா."

"உங்களுக்குத் தெரியாது. நீங்க தினமும் பார்க்கறீங்க."

"நீங்களும் தினமும்தானே பார்க்கறீங்க?"

"நான் பார்த்துட்டு நடுவுல தூங்கிடறேன்."

பழுப்பு உண்மைதான். முதலில் கிளையின் அடியில், பிறகு பக்கங்களில், போன நிறம் வந்த வழியே மெல்லத் திரும்பியது. எல்லாம் திரும்பவில்லை. மான்கொம்பின் ஒரு பக்கக் கிளைகள் முழுக்கச் செத்து, அதன்மேல் பாசி பிடித்தது. அதைக் கண்ணாடிக்காரரே இடுக்கியால் ஒடித்து எடுத்தார்; எடுத்த அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. தோல் பவளத்துக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. தண்ணீரில் விஷத்தை அதிகம் கக்கியது அதுதான் என்று மீன் கடைக்காரர் சொன்னார். கொஞ்சம் வளர்ந்துகூட இருந்தது.

வலைத்திரையை ஒரு மாதம் கழித்து எடுத்தார்கள். அதன் பிறகு புதிதாக வாங்கிய டப்பாவிலிருந்து கைப்பிடிக் கரி, நன்றாக அலசி, மாதம் ஒருமுறை. விளக்குத் திருகில் இனி யாரும் கை வைக்காமல் இருக்க, அதன்மேல் மனைவி ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டார். 'யாரும்' என்றால் அந்த வீட்டில் ஒருவர்தான்.

ஒட்டிவிட்டு, கரி டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். "இது நாத்தத்தையும் உறிஞ்சுமா?"

"உறிஞ்சும். ஏன்?"

"கேட்டேன்."

அடுத்த மாதம் கரி மாற்ற டப்பாவைத் திறந்தால், பாதிக்குமேல் காலி. கண்ணாடிக்காரர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் நிரபராதி என்பதுபோல் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

"பஸ்ஸுல வச்சிருக்கேன்" என்றார் மனைவி சமையலறையிலிருந்து. "பின் சீட்டுக்குக் கீழ, பழைய காலுறையில கட்டி. வளைவுல திரும்பினா தினம் ஒரு பிள்ளையாவது வாந்தி எடுத்துடுது. ஒரு வாரமா உள்ள ஏறினா மூச்சு விட முடியுது."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டேனே. உறிஞ்சும்னு சொன்னீங்களே."

மறுநாள் கண்ணாடிக்காரர் மீன் கடைக்குப் போய் இரண்டு டப்பா எடுத்தார். கடைக்காரர் முகம் மலர்ந்தது.

"இன்னொரு தொட்டி ஆரம்பிக்கறீங்களா சார்?"

"இல்ல. ஒண்ணு பஸ்ஸுக்கு."

"பஸ்ஸுல என்ன சார் வளர்க்கறீங்க?"

"நாப்பது பிள்ளைங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

கடைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுக்கு அலச வேண்டாம் சார்" என்று சொல்லி, இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தார்.